செயற்கைக்கோளுக்குக் கேட்ட குரல் போட்டுக்கு ஏன் கேட்கவில்லை?

குமரி மாவட்டத்தில் இசிஇ (மின்னணுவியல், தகவல்தொடர்புப் பொறியியல்) படித்த யாரையாவது பிடித்து, கடைசி வருட ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பேராவது "மீனவர் எல்லை எச்சரிக்கைக் கருவி" என்பார்கள். ஒரு ஜிபிஎஸ் மாடியூல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு எல்சிடி திரை, ஒரு பஸ்ஸர். படகு கடல் எல்லைக் கோட்டை நெருங்கினால் பஸ்ஸர் அலறும். கூடவே ஜிஎஸ்எம் மாடியூல் வழியாகக் கரைக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். நேரம் இல்லாதவர்களுக்கு ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாகவே கிடைக்கும். நானும் இதைத்தான் செய்தேன். நல்ல மார்க் வந்தது.

இரண்டு விஷயங்கள் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வைவா எடுக்க வந்தவருக்கும் உறைக்கவில்லை.

முதலாவது, எல்லை. பாக் நீரிணையில் இலங்கைக் கரை பக்கத்திலேயே இருப்பதால் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு எல்லைக்கோடு தினசரித் தலைவலி. எங்கள் மேற்குக் கரையில் கதை வேறு. நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை, தூத்தூரைச் சுற்றியுள்ள எட்டு ஊர்க்காரர்கள் தங்கல் தொழில் செய்பவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ போட்டை, அதாவது விசைப்படகை, எடுத்தால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சூரையும் சுறாவும் தேடி லட்சத்தீவைத் தாண்டிப் போவார்கள். கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்பது இவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது கவலை. கரையிலிருந்து யாரும் கூப்பிட முடியாத இடத்தில் நாள்கணக்கில் கிடக்கிறோமே என்பதுதான் முதல் கவலை.

இரண்டாவது, அந்த எஸ்எம்எஸ். போனிலிருந்து கிளம்பும் சிக்னல் வந்து சேர எவ்வளவு தாமதமாகிறது என்று அளந்த பிறகுதான் ஜிஎஸ்எம் கோபுரம் அந்தப் போனுக்கு முறை ஒதுக்கும். அந்தத் தாமதத்தைக் குறித்துவைக்க அதனிடம் இருப்பது 6 பிட்தான். அதாவது 0 முதல் 63 வரை. ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அதற்கு அப்பாலிருந்து எவ்வளவு பலமாகக் கத்தினாலும் சாதாரண அமைப்பில் உள்ள கோபுரம் அந்தப் போனைச் சேர்த்துக்கொள்ளாது. நடைமுறையில் அந்த 35-க்கு முன்பே டவர் போய்விடும். ஆக, ஆபத்து நேரும் இடத்தில் வேலை செய்யாத ஆபத்துக் கருவி ஒன்றைச் செய்து, மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

என் ப்ராஜெக்ட் போகட்டும். இதே மாவட்டத்தில் இதைவிடப் பெரிய வேலையும் நடந்திருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்துக் குமாரகோவிலில் இருக்கும் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் ஒரு செயற்கைக்கோளே செய்தது. பெயர் நியூசாட், எடை 15 கிலோ. 2017 ஜூன் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி38 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோளோடு சேர்ந்து, சுமார் 505 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. பயிர்களைக் கண்காணிக்கவும் பேரிடர் நேரத்தில் உதவவும் படம் எடுத்து அனுப்புவது அதன் வேலை. அதனோடு பேசுவதற்கென்று வளாகத்திலேயே விஎச்எஃப், யுஎச்எஃப் ஆன்டெனாக்களோடு தரைக் கட்டுப்பாட்டு நிலையம் அமைத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. குமாரகோவிலிலிருந்து கடற்கரை பஸ்ஸில் போய்வரும் தூரம். விண்ணில் 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பெட்டியோடு பேசத் தெரிந்த மாவட்டம், கரையிலிருந்து 100 கிலோமீட்டரில் நின்ற போட்டைக் கூப்பிட முடியாமல் தவித்தது. யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரிந்தால் கடல் வயர்லெஸின் பாதிச் சங்கதி புரிந்துவிடும்.

கடலில் போட்டுகள் பேசிக்கொள்ளும் செட்டு விஎச்எஃப் ரகம். அலைவரிசை 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. ஆபத்துக்கால அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். போட்டில் பொருத்தும் செட்டு 25 வாட், கையில் பிடிக்கும் வாக்கிடாக்கி 5 வாட் அளவில். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆகவே இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் கடலே மேடு போல எழும்பி மறைத்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். அந்தக் காலத்தில் கணியம் பார்த்துத் தொழில் செய்தவர்கள் அவர்கள். கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுகட்டையும் நேர்கோட்டில் வைத்து, வேறு பக்கம் இன்னொரு ஜோடியையும் பார்த்து, மீன்பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறை, எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். வெளியே போகப்போக முதலில் மணல் மறையும், அப்புறம் தென்னை, அப்புறம் கோபுரம். கடைசியில் மலை மட்டும் நிற்கும். பிறகு அதுவும் தாழும். உயரமானது தூரத்திலும் தெரியும், குட்டையானது சீக்கிரம் மறையும். வயர்லெஸுக்கும் இதே விதிதான். காற்று அலையைக் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பதால், கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றே தூரம் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு எளிது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். 6 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு போட்டுகளுக்கு நடுவே சுமார் 20 கிலோமீட்டர். ஃபைபர் வள்ளத்தில் இரண்டரை மீட்டர் கம்பிதான் என்றால் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே 13 கிலோமீட்டர். கரையில் 50 மீட்டர் கோபுரமே நட்டாலும் அந்த 6 மீட்டர் போட்டுக்கு 39 கிலோமீட்டர். இதில் வாட் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 25 வாட்டை 100 வாட் ஆக்கினாலும் கடலின் முதுகு கரையாது.

இப்போது நியூசாட்டைப் பாருங்கள். 505 கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததால், அதற்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர் ஆரத்துக்குள் எங்கிருந்து பார்த்தாலும் அது தொடுவானத்துக்கு மேலே இருந்தது. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. 15 கிலோ பெட்டியின் மெல்லிய குரல் குமாரகோவிலுக்குக் கேட்டது. பக்கத்துக் கடலில் 25 வாட்டில் கத்தும் போட்டின் குரல் கேட்கவில்லை. காரணம் தூரம் இல்லை, உயரம்.

ஒக்கியில் இந்தக் கணக்கு எப்படி ஆளைக் கொன்றது என்று பார்க்க நாள்வரிசை போதும். நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30 அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று முற்பகலில் குமரிக் கடலில் புயல். மறுநாள் லட்சத்தீவுப் பக்கம் தீவிரப் புயல். தாழ்வு மண்டலம் புயலாக ஒரு நாள்தான் எடுத்துக்கொண்டது. தங்கலுக்குப் போனவர்களோ பல நாள்களுக்கு முன்பே கிளம்பிவிட்டவர்கள். அறிவிப்பு 29-ஆம் தேதி காலையிலேயே இன்னும் கடுமையாக வந்திருந்தாலும், அந்த 39 கிலோமீட்டருக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க வழி இல்லை. புயல் தொடங்கிய இடமும் கிளம்பிய திசையும் கணக்காக அவர்கள் தொழில் செய்யும் இடம். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அலையிலும் காற்றிலும் அடித்துச் செல்லப்பட்ட பல போட்டுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் கரையில் ஒதுங்கின.

கரையிலும் நிலைமை ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் செல்போன் கோபுரம் பேட்டரி தீரும்வரைதான். செய்தி தேடிய வீட்டுப் பெண்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது கோயில் மணியும் மைக்கும் கூட்டமும்தான். கடற்கரை ஊர்களில் தகவல் என்பது எப்போதும் கோயில் மைக் வழியாகத்தான் வீட்டுக்குப் போகும். வானிலை மையத்தின் அறிக்கை நாலு அலுவலகம் தாண்டி வந்தாலும், மைக்கில் சொல்லுகிறவர் "நாளைக்கு யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்று தெளிவாகச் சொன்னால்தான் அது செய்தி. "45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும்" என்பதை வள்ளக்காரர் எப்படி எடுத்துக்கொள்வார்? அவருக்குத் தெரிந்தது கச்சான் என்ற மேல்காற்று எழும்புகிறதா, நீவாடு என்ற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. அறிவிப்பின் மொழியை அந்த மொழிக்குக் கொண்டுவருவதும் ஆராய்ச்சிதான். அதற்கு யாரும் பிஎச்டி தருவதில்லை என்பது வேறு விஷயம்.

தொடுவானத்தை மீறுவதற்குப் போட்டுக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஒருவர் கேட்டதை அடுத்தவரிடம் சொல்வது. கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு, அவர் அதற்கு அப்பால் இருப்பவருக்கு. ஆறு போட்டு வரிசையாக இருந்தால் செய்தி 100 கிலோமீட்டர் போய்விடும். வயர்லெஸ் ஆராய்ச்சியில் மெஷ் நெட்வொர்க் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு கருவியும் கேட்பதோடு நிற்காமல் அடுத்ததற்குக் கடத்தும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் லோரா என்ற முறையை வைத்து மலிவாக இதைச் செய்ய முடியும். வேகம் குறைவு, பேச்சு போகாது. ஆனால் "புயல், திரும்பு" என்ற இரண்டு வார்த்தைக்கு அது தாராளம். கேரளக் கரையில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் வேறு விதமாக, படகுகளையே இணைத்து நீண்டதூர வைஃபை கொண்டுபோக முயன்றிருக்கிறார்கள்.

மெஷ் முறையில் ஒரு சிக்கல் உண்டு. போட்டுகள் சதுரங்கப் பலகையில் வைத்த காய் மாதிரி சமதூரத்தில் நிற்பதில்லை. மீன் இருக்கும் இடத்தில் கூட்டமாக நிற்கும், நடுவில் 80 கிலோமீட்டர் வெற்றுக்கடல் கிடக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் போச்சு. ஆய்வுக் கட்டுரைகளில் படகுகளைச் சீராகப் பரப்பி சிமுலேஷன் போடுவது வழக்கம். அந்தச் சீரான கடலை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கலைப் பொறியியல் வகுப்பில் யாருமே சொல்லித்தரவில்லை. தான் இருக்கும் இடத்தை வெளியே சொல்ல மீனவருக்கு விருப்பம் கிடையாது. பார் எங்கே இருக்கிறது என்பது தொழில் ரகசியம். வயர்லெஸில் பேசும்போது போட்டை ஓட்டும் சிராங்குகள் தங்களுக்குள் வைத்திருக்கும் குறிப்புச்சொல்லில்தான் பேசுவார்கள். இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைச் சொன்னால் விடிவதற்குள் பத்து போட்டு சுற்றி நிற்கும். அதனால் இருக்கும் இடத்தைத் தானாகவே ஊருக்கெல்லாம் ஒலிபரப்பும் கருவியைக் கொடுத்தால், அது சீக்கிரம் "ரிப்பேர்" ஆகிவிடும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டு வந்தவர்களின் கதையைக் கேட்டவர்களுக்குக் கண்காணிப்பு என்றாலே இன்னும் கொஞ்சம் கசப்பு. அதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆபத்து என்று அவர் பொத்தானை அமுக்கினால் மட்டும் இடம் வெளியே போகும்படி கருவியைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்ற கேள்விக்கு விடை சர்க்யூட்டில் இல்லை, வடிவமைப்பவரின் மரியாதையில் இருக்கிறது.

சரி, சாட்டிலைட் போன் கொடுத்தால் முடிந்ததே என்று பலரும் கேட்பார்கள். துராயா, இரிடியம் ஆகிய வெளிநாட்டு சாட்டிலைட் போன்களை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பாதுகாப்புக் காரணம். அனுமதியோடு கிடைப்பது பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட். அதன் விலையும் நிமிடக் கட்டணமும் சாதாரணப் போட்டுக்கணக்கில் அடங்காது.

ஒக்கிக்குப் பிறகு முதலில் வந்தவை கேட்கும் கருவிகள். இடம் காட்டுவதற்காக இஸ்ரோ ஏவிய நேவிக் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி வாங்கும் பெட்டி, கரையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரை வேலை செய்யும், புளூடூத்தில் போனோடு சேரும். 2019 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன. விமானங்களுக்காக அமைத்த ககன் செயற்கைக்கோள் வசதியில் மீதமிருந்த இடத்தில் புயல் எச்சரிக்கையையும் மீன் கூடும் இடத் தகவலையும் அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல யோசனை. ஆனால் இரண்டுமே ஒருவழிப் பாதை.

அப்படி ஒரு பெட்டியை எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மக்களே, நீ சொல்லுறது எனக்குக் கேக்கும். நான் சொல்லுறது உனக்குக் கேக்குமா?" என்றார். கேட்காது மாமா என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

ஏன் கேட்காது? பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் நிலைச் செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். 20 கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு போட்டுக்கு விஎச்எஃபில் போகும் சிக்னலோடு ஒப்பிட்டால், 2.5 கிகாஹெர்ட்ஸில் அந்த உயரத்துக்குப் போய்ச் சேரும் சிக்னல், இருபுறமும் ஒரே எளிய ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 80 கோடி மடங்கு மெலிந்துவிடும். மேலிருந்து கீழே அனுப்பும்போது செயற்கைக்கோளிடம் பெரிய ஆன்டெனாவும் சூரியத் தகடுகளும் இருக்கின்றன, கத்தலாம். கீழிருந்து மேலே அனுப்பும் போட்டிடம் ஒரு பேட்டரியும் உள்ளங்கை அகல ஆன்டெனாவும்தான். அதனால் மேலே இருப்பவரின் காதைப் பெரிதாக்க வேண்டும். 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6 அப்படிப்பட்ட காது. ராக்கெட்டுக்குள் குடை போல மடங்கி இருந்து, மேலே போய் விரியும் 6 மீட்டர் ஆன்டெனா அதில் இருக்கிறது.

காதைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, பேசுகிறவரும் மெதுவாகப் பேச வேண்டும். காது மந்தமான பாட்டியிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வோமே, அதே உத்தி. ஒரு பிட்டுக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் மெலிந்த சிக்னலும் இரைச்சலுக்கு மேலே தலைதூக்கும். அதனால்தான் இந்தக் கருவிகளில் பேச முடியாது. குறுஞ்செய்தி மட்டும்தான், அதுவும் அளந்து. இந்த முறையில் செய்தி வாங்கி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் சுமார் 360 கோடி ரூபாயில் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கியது. நபமித்ரா என்ற செயலி வழியாகச் செய்தி இருபக்கமும் போய்வரும். ஆபத்துச் செய்தி மட்டும் அனுப்பும் டிஏடி கருவி 2010 முதலே இருக்கிறது. ஆனால் பொத்தானை அமுக்கியவருக்கு, அமுக்கியது யாருக்காவது கேட்டதா என்று தெரியாது. கேட்டது என்று பதில் வரும் இரண்டாம் தலைமுறைக் கருவி வந்தது 2024-இல்தான். நடுக்கடலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் போட்டில் நிற்பவருக்கு அந்த ஒரு பதிலின் மதிப்பு என்ன என்று எந்தத் தொழில்நுட்ப அறிக்கையும் எழுதியதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பதினான்கு வருடத்தில் நடந்த மிகப்பெரிய முன்னேற்றம் அதுதான்.

இவ்வளவும் செய்து கருவி போட்டில் ஏறிய பிறகு அதைக் கொல்வது உப்பு. போன மாதம் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு போட்டில் வயர்லெஸ் கேட்கவில்லை என்று கூப்பிட்டார்கள். செட்டில் குறை ஒன்றுமில்லை. ஆன்டெனா கேபிளின் முனையில் இருந்த கனெக்டரைச் சுற்றிய டேப்பைப் பிரித்தால், உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. கேபிளை அறுத்து உதறினால் தண்ணீரே சொட்டியது. செட்டு அனுப்பும் சக்தியில் பெரும்பங்கு ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பிவந்து செட்டையே சூடாக்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம் கேபிளை வெட்டி எறிந்து, புதுக் கனெக்டர் பற்றவைத்து, மேலே ரப்பர் டேப், அதற்கு மேலே கிரீஸ். செலவு சில நூறு ரூபாய். இந்த ஒரு கனெக்டரை உப்பு தொடாமல் செய்ய முடிந்தால் அதுவே ஒரு நல்ல எம்இ ஆய்வு. ஆனால் தலைப்பு அழகாக இருக்காது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லும் அதில் வராது.

வேலை முடிந்ததும் சிராங்கு ஆன்டெனா மூங்கிலைக் காட்டி, இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் தூரம் கூடுமா என்று கேட்டார். அப்போது 4 மீட்டரில் இருந்தது. 9 மீட்டருக்குத் தூக்கினால், 4 மீட்டரிலேயே நிற்கும் பக்கத்துப் போட்டோடு பேசும் தூரம் 16-இலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கிட்டே வரும், அவரும் தூக்கினால் 24 வரை போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"அவனையும் தூக்கச் சொல்லுதேன்" என்றார். அப்புறம் மூங்கிலைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்பதுன்னா கோளு காத்துல ஒடிஞ்சிரும். ஏழு வச்சுக்கிடலாம்" என்று கயிறு எடுக்கப் போனார்.